தல்வண்டி முதல் அமிர்தசரஸ் வரை: பாபா தீப் சிங் போன வழி

வியாழன், தல்வண்டி சாபோ

பஞ்சாபில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம் கண்ணில் படும். லாரியின் பின்பக்கம், மிட்டாய்க்கடை கல்லாவுக்கு மேலே, டிராக்டர் மட்கார்டில். நீல உடுப்பும் வெண்தாடியுமாக ஒரு கிழவர். வலது கையில் இருபுறமும் கூரான கண்டா வாள். இடது உள்ளங்கையில் அவருடைய தலை. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை, ஆனாலும் மனிதர் சண்டையை விடவில்லை. அவர்தான் பாபா தீப் சிங். 1757 நவம்பரில், தம்முடைய 75 வயதில், பொற்கோயிலுக்காக ஆப்கானியப் படையோடு மோதி உயிரை விட்டவர்.

படத்தில் இருப்பது அவருடைய கடைசி நாள் மட்டும்தான். அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் பெரும்பகுதியை அவர் இந்தத் தல்வண்டி சாபோவில் எழுத்து வேலையிலும் பாடம் சொல்வதிலும் கழித்தார். வாளை எல்லோரும் கும்பிடுகிறார்கள்; எனக்கு அந்த எழுத்துக்காரரைப் பார்க்க வேண்டும். அதனால்தான் அமிர்தசரஸில் ஆரம்பிக்காமல் இங்கே வந்தேன்.

பதிண்டாவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி, நடுநடுவே நெல் அறுத்த வயல். தாளைக் கொளுத்திய புகையில் காலை பத்து மணி வெயிலே மங்கிக் கிடந்தது. பேருந்திலிருந்து இறங்கும்போது கண் எரிந்தது.

சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 1706 தொடக்கத்தில் இங்கே வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். அவருடைய கோட்டை ஊரான அனந்தபூர் கைவிட்டுப் போயிருந்தது. மூத்த மகன்கள் இருவரும் சம்கௌர் சண்டையில் இறந்திருந்தார்கள். சின்னஞ்சிறுவர்களான மற்ற இருவரையும் சிர்ஹிந்தில் உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிக் கொன்றிருந்தார்கள். உள்ளூர்த் தலைவர் தல்லா இடம் கொடுத்தார். குரு ஏறக்குறைய ஒன்பது மாதம் தங்கினார்.

தல்லாவைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. தன் ஆட்களின் வீரத்தைப் பற்றி எப்போதும் பெருமையடிப்பாராம். ஒரு நாள் குருவுக்குப் புதுத் துப்பாக்கி ஒன்று வந்தது. "குறி பார்க்க வேண்டும், உன் ஆட்களில் இரண்டு பேரை நிறுத்து" என்றார் குரு. ஒருவரும் அசையவில்லை. செய்தி கேட்டு, சாதியில் கீழாக வைக்கப்பட்டிருந்த ரங்ரேட்டா சீக்கியர்களான ஒரு தகப்பனும் மகனும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே ஓடிவந்து, யார் முன்னால் நிற்பது என்று போட்டி போட்டார்களாம். தல்லா தலைகுனிந்தார்.

இத்தனை இழப்புக்குப் பிறகு படை திரட்டுவதுதான் முதல் வேலை என்று நாம் நினைப்போம். குரு முதலில் எடுத்தது புத்தக வேலை. சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தின் மூலப் பிரதி கர்தார்பூரில் தீர்மல் குடும்பத்தாரிடம் இருந்தது. கேட்டுப் பார்த்தார்கள், தரவில்லை. சரி என்று குரு நினைவிலிருந்தே முழுவதையும் சொல்ல, பாயி மணி சிங் எழுதினார் என்பது சீக்கிய மரபு. குருவின் தந்தை தேக் பகதூரின் பாடல்களும் அதில் சேர்ந்தன. மணி சிங்குக்குத் துணையாக உட்கார்ந்தவர் 24 வயது தீப் சிங். குரு தெற்கே கிளம்பியபோது இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்புறம் அவர் தாமே பிரதி எடுத்து மற்ற தக்த்களுக்கு அனுப்பினார் என்கிறார்கள். தக்த் என்றால் சீக்கியர்களின் அதிகார பீடம். மொத்தம் ஐந்து, ஐந்தாவதாக இந்த ஊரிலுள்ள தம்தமா சாகிப்பை 1966-ல்தான் முறைப்படி அறிவித்தார்கள்.

பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் அந்தக் காலத்துச் சுவடியைப் பார்த்தவர்களுக்கு இது என்ன மாதிரி வேலை என்று தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. வரி முழுக்க ஒரே கோர்வையாக ஓடும். மையை விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்த்து, செம்புப் பாத்திரத்தில் வேப்பங்கட்டையால் நாள் கணக்கில் அரைத்து எடுப்பார்கள். எழுத்துப் பிழை வந்தால் அடித்துத் திருத்துவதில்லை, அரிதாரத்தைக் குழைத்துப் பூசி மஞ்சளாக மூடிவிட்டு அதன்மேல் எழுதுவார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நூலை இப்படி ஒருவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அவரைப் பற்றிய சித்திரக்கதைகளில் இதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குகிறார்கள்? கூடிப்போனால் ஒன்று.

தக்த் மண்டபத்தை ஒட்டி பாபா தீப் சிங் பெயரில் ஓர் உயரமான கோபுரம் நிற்கிறது. அவர் வெட்டியதாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது லிக்கன்சர் என்ற சின்ன குருத்வாராதான். முன்பு இங்கே ஒரு குட்டை இருந்ததாம். குரு நாணல் பேனாக்களைச் சீவச் சொல்லி, எழுதாமலேயே அந்தத் தண்ணீரில் வீசுவாராம். ஏன் என்று தல்லா கேட்டதற்கு, இந்த ஊர் நமக்குக் காசியாகும், ஆயிரக்கணக்கானோர் இங்கே படிப்பார்கள், அப்போது இந்தப் பேனாக்கள் உதவும் என்று பதில் சொன்னாராம். இன்றைக்கும் பிள்ளைகளைக் கூட்டிவந்து குர்முகியின் 35 எழுத்துகளையும் இங்கே எழுத வைக்கிறார்கள். நான் போனபோது ஒரு பெண் தன் மகனுக்கு நோட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தார். பையன் ஐந்தாறு எழுத்து வரைந்துவிட்டு, பென்சில் முனையை உடைத்துக்கொண்டு, "அம்மா, போதும்" என்ற முகத்தோடு நிமிர்ந்தான். அந்த அம்மா விடுவதாக இல்லை. கைப்பையிலிருந்து அடுத்த பென்சில் வந்தது.

இரவு லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுச் சாப்பாட்டுப் பந்தியில், ரொட்டி, கறுப்பு உளுந்துப் பருப்பு, பாயசம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். இதை எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி முழங்கையால் இடித்துச் சொல்லிக்கொடுத்தாள். குருத்வாரா சத்திரத்தில் அறை கிடைத்தது. நாலு மணிக்கே ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிக்கும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

வெள்ளி, தரன் தாரன்

முழு நாளும் பேருந்தில் போயிற்று. பதிண்டா, கோட்கபூரா, ஃபரீத்கோட், ஜீரா, ஹரிகே. ஜீராவுக்கு முன்னால் வண்டி நின்றுபோய், ஓட்டுநரும் நடத்துநரும் எஞ்சினுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹரிகேயில் சட்லஜும் பியாஸும் சேரும் அணையைத் தாண்டும்போது மட்டும் பேருந்தே ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

இந்த நேரத்தில் நடுவில் உள்ள வருஷங்களைச் சொல்லிவிடுகிறேன். தீப் சிங் எப்போதும் எழுதிக்கொண்டே இருந்தார் என்று நினைக்க வேண்டாம். 1708-ல் குரு நாந்தேட்டில் மறைந்த பிறகு, அவர் அனுப்பிய பண்டா சிங் பகதூர் பஞ்சாபுக்கு வந்து மொகலாய அதிகாரிகளைத் தாக்கத் தொடங்கினார். தீப் சிங்கும் சேர்ந்துகொண்டார். சதௌராவில் சண்டை, பிறகு 1710 மே மாதம் சப்பட் சிரியில் சிர்ஹிந்த் நவாப் வசீர் கானைக் கொன்ற சண்டை. குருவின் சின்ன மகன்களைக் கொல்லச் சொன்னவர் அந்த வசீர் கான்தான். பண்டா சிங்கை 1716-ல் டில்லியில் சித்திரவதை செய்து கொன்றார்கள். தீப் சிங் தல்வண்டிக்குத் திரும்பி மறுபடியும் பேனாவை எடுத்தார்.

அவருடைய ஆசான் மணி சிங்கின் முடிவு இதைவிடக் கொடுமை. அமிர்தசரஸில் தீபாவளிக்குச் சீக்கியர்கள் கூட, வரி கட்டுவதாக ஒப்புக்கொண்டு லாகூர் நவாபிடம் அனுமதி வாங்கியிருந்தார். கூட வருகிறவர்களை மடக்கப் படை வைத்திருப்பது தெரிந்ததும், யாரும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கூட்டமில்லை, காணிக்கையும் இல்லை, வரி கட்ட முடியவில்லை. 1730களில் லாகூரில் அவரைக் கணுக்கணுவாக வெட்டிக் கொன்றார்கள். விரலோடு ஆரம்பிக்கச் சொன்னவர் மணி சிங்கே என்று மரபு சொல்கிறது: உத்தரவு கணுக்கணுவாக என்றுதானே இருக்கிறது, மணிக்கட்டில் ஏன் தொடங்குகிறாய் என்று வெட்ட வந்தவனைக் கேட்டாராம்.

1748-ல் சீக்கியப் படைகள் மிசல்கள் என்ற தனித்தனிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டபோது, ஷாகீத் மிசல் தீப் சிங்குக்கு வந்தது. ஷாகீத் என்றால் தியாகி. அப்போது அவருக்கு 66 வயது.

தரன் தாரனில் இருட்டிய பிறகு இறங்கினேன். ஐந்தாவது குருவான குரு அர்ஜன் 1590-ல் வெட்டத் தொடங்கிய குளம், குருத்வாராக் குளங்களிலேயே பெரியது. கரையைச் சுற்றி வந்தால் கால் ஓய்ந்துவிடும். குளத்தின் நாலு மூலைக்கும் கோபுரம் கட்டத் திட்டமிட்டு, மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேரன் நௌ நிகால் சிங் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். நாலும் இருந்திருந்தால் இத்தனை அழகாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

சனி, பகுவிண்ட்

தீப் சிங் பிறந்த ஊர். 1682 ஜனவரியில், பக்தா, ஜியோனி என்ற தம்பதிக்கு மகன். தரன் தாரனிலிருந்து ஜபால், பிக்கிவிண்ட் வழியாக வந்தேன். ஜபால் மாயி பாகோவின் ஊர். குருவை விட்டுப் போன நாற்பது பேரை வெட்கப்படுத்தித் திரும்ப அழைத்து, தானும் முக்த்சர் போரில் இறங்கியவள். அவளுக்கே தனியாக ஒரு பயணம் வர வேண்டும்.

இந்தப் பக்கம் பாகிஸ்தான் எல்லை ரொம்பக் கிட்டத்தில். வழியில் ராணுவ வண்டிகள். மற்றபடி சுவரெல்லாம் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி, கனடா விசா, ஆஸ்திரேலியா விசா விளம்பரம்.

பிறந்த இடத்தில் பெரிய வெள்ளை குருத்வாரா. பழைய வீட்டின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பஞ்சாபில் பழையதை இடித்துப் பளிங்கு போடுவதைச் சேவை என்று நினைக்கிறார்கள். அந்தப் பக்திக்கு முன்னால் என் மாதிரி ஆட்களின் முணுமுணுப்பு எடுபடாது.

செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கனைக் கொடுப்பதற்குமுன் என் செருப்பின் அடியைத் துணியால் துடைத்தார். நான் கூச்சத்தோடு கையை நீட்டினேன், விடவில்லை.

"எந்த ஊர் பேட்டா? மதராஸா?"

"ஆமாம் பாபா ஜி."

"வெலிங்டனில் ஒரு வருஷம் இருந்தேன். மழை, மழை, மழை." அப்புறம் அவரே சொன்னார்: "பையன்கள் வருகிறார்கள், படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். பாபா தீப் சிங் இந்த ஊரிலிருந்து கிளம்பினபோது அவருக்கும் அதே வயசுதான்."

உண்மைதான். 1700 வாக்கில், பதினெட்டு வயது இளைஞனாகத்தான் தீப் சிங் அனந்தபூருக்குப் போனார். குருவிடம் தீட்சையாக அமிர்தம் பெற்று, குதிரையேற்றம், வில், வாள் கற்றார். எழுத்து கற்றது மணி சிங்கிடம். கொஞ்ச காலம் கழித்து வீடு திரும்பியவரை, தல்வண்டிக்கு வா என்று குரு கூப்பிட்டனுப்பினார். இந்த ஊர்க்காரர்கள் அவரோடு வாழ்ந்தது அவ்வளவுதான்.

பெரியவர் ஒரு கின்னோ ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, பாதியை என் கையில் வைத்தார். புளிப்பு. இன்னும் சீசன் வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு, அமிர்தசரஸ்

1757-ல் ஆப்கானிய அரசன் அகமது ஷா துரானி டில்லியையும் மதுராவையும் சூறையாடிவிட்டுத் திரும்பினான். கொள்ளைப் பொருளும், சிறைப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அந்தப் படையோடு போனார்கள். வழியில் தீப் சிங்கின் ஆட்கள் பாய்ந்து பலரை மீட்டார்கள். மகன் தைமூர் ஷாவை லாகூரில் வைத்துவிட்டு துரானி காபூலுக்குப் போனான். தைமூரும் தளபதி ஜகான் கானும் ஹர்மந்திர் சாகிப் என்ற பொற்கோயிலை இடித்துக் குளத்தை மண்ணும் குப்பையும் கொட்டித் தூர்த்தார்கள். செய்தி தல்வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். தீபாவளியை ஹர்மந்திரில்தான் கொண்டாடுவேன் என்று சொல்லிக் கிளம்பினார். ஊருக்கு ஊர் ஆள் சேர்ந்து, தரன் தாரன் வரும்போது ஐயாயிரம் பேர் என்பது மரபுக் கணக்கு.

அங்கே அவர் கண்டாவால் தரையில் ஒரு கோடு கிழித்தார். சாகத் தயாராக இருப்பவர்கள் தாண்டுங்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் தாண்டினார்கள் என்கிறது கதை. அந்த இடத்தில் லகீர் சாகிப் என்று குருத்வாரா இருக்கிறது. காலையில் முதல் வேலையாக அங்கே போனேன்.

தரன் தாரனுக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவே இருபத்துநாலு கிலோமீட்டர். கோஹல்வாட் கிராமத்தருகே ஜகான் கானின் படை எதிர்கொண்டது. மோதல் அமிர்தசரஸ் நோக்கி நகர்ந்தது. சப்பாவுக்குப் பக்கத்தில் டாஹ்லா சாகிப் என்ற குருத்வாரா இருக்கிறது. தலை வெட்டுப்பட்டது இங்கேதான் என்று கும்பிடுகிறார்கள். நான் ஷேர் ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு மீதித் தூரம் நடந்தேன்.

கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். தலை துண்டாக விழுந்தது. பக்கத்தில் இருந்த சீக்கியர் ஒருவர், ஹர்மந்திரில் போய்த்தான் சாவேன் என்று சொன்னீர்களே என்று நினைவுபடுத்தினார். உடனே அவர் தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சண்டையிட்டபடியே போனார். இது ஒன்று. கழுத்தில் ஆழமான வெட்டு, சாயும் தலையை இடது கையால் தாங்கிக்கொண்டு போனார். இது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. முதலாவதில் வலி இல்லை. இரண்டாவதில் ஒவ்வோர் அடியும் வலிக்கும். ஆனால் படம் வரைகிறவர்களுக்கு முதலாவதுதான் வேண்டும், அதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது அந்த ரோடு முழுக்க ஹார்டுவேர் கடை, டயர் கடை, கல்யாண மண்டபம். லாரி ஹாரனுக்குப் பயந்து மண்ணில் இறங்கி இறங்கி நடந்தேன். எழுபத்தைந்து வயதில், வெட்டுக்காயத்தோடு, எதிரே வருகிறவனை வெட்டிக்கொண்டு இந்தத் தூரம் என்றால், உடம்பால் முடிகிற காரியம் இல்லை என்று பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது.

சாட்டிவிண்ட் வாசல் பக்கம் குருத்வாரா ஷாகீதான். ஹர்மந்திரில் விழுந்த உடலை இங்கே கொண்டுவந்து எரித்தார்கள். முதலில் ஒரு மேடை மட்டும் இருந்தது. ஜஸ்ஸா சிங் ராம்கடியாவும் அகாலி பூலா சிங்கும் குருத்வாராவாக வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அமிர்தசரஸே இங்கேதான் இருந்தது. பரீட்சை, கல்யாணம், கடன், வழக்கு என்று ஆளுக்கொரு வேண்டுதல். வரிசை நகர நகரப் பின்னால் இருந்தவரின் வயிறு என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது.

ஹர்மந்திரின் பிரகாரத்தில், தென்பக்கத்தில், அவர் விழுந்த இடத்தில் ஒரு சிறு சன்னதி. போகிறவர்கள் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள்.  அடுத்த வருஷம் சீக்கியர்களும் மராட்டியர்களும் பஞ்சாப் அதிகாரி அதீனா பேக்கும் சேர்ந்து தைமூரையும் ஜகான் கானையும் லாகூரை விட்டு விரட்டினார்கள். பிடிபட்ட ஆப்கானியர்களைக் கொண்டே குளத்தைச் சுத்தம் செய்ய வைத்ததாகச் சொல்வார்கள். ஆனால் 1762-ல் துரானி திரும்பி வந்து கோயிலை வெடி வைத்தே தகர்த்தான். இன்று நாம் பார்ப்பது அதற்கும் பிறகு கட்டியது. தங்கத் தகடு ரஞ்சித் சிங் காலத்தது.

மாலையில், ஐந்து தக்த்களில் ஒன்றான அகால் தக்தில் பழைய ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். அதில் அவருடைய கண்டாவும் வந்தது. பதினைந்து கிலோ என்பார்கள். தூக்கிக் காட்டியவரின் மணிக்கட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து எடை சொல்ல முடியவில்லை.

திங்கள், ராம்சர்

ரயில் மாலையில்தான். காலையில் மறுபடி ஷாகீதான் பக்கம் போனேன். காரணம், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ராம்சர். இங்கே ஒரு குளக்கரையில்தான் குரு அர்ஜன் சொல்ல பாயி குர்தாஸ் எழுதி, 1604-ல் ஆதி கிரந்தத்தின் முதல் பிரதி முடிந்தது. பிரதி எடுத்தே வயதான மனிதரை, மூலம் எழுதிய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எரித்திருக்கிறார்கள். நேற்று ஷாகீதானில் நின்ற அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை.

இப்போது அந்த நூல், இன்றைய பெயரில் குரு கிரந்த் சாகிப், அச்சாவதும் இதே வளாகத்தில்தான். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி கமிட்டியின் அச்சகம். 1430 பக்கம், எந்தப் பிரதியை எடுத்தாலும் அதே பக்கத்தில் அதே வரி. வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் ஊழியரிடம் பேச்சுக் கொடுத்தேன். குளித்து, தலையை மூடி, வெறுங்காலோடுதான் எந்திரத்தைத் தொடுவார்களாம்.

"அச்சு சரியாக விழாத தாளை என்ன செய்வீர்கள் பாஜி?"

"குப்பையில் போடக் கூடாது. சேர்த்து வைத்து கோயிந்த்வாலுக்குக் கொண்டுபோய், மனிதருக்குச் செய்கிற மாதிரி பிரார்த்தனை சொல்லி எரிப்போம்."

"நிறைய விழுமா?"

"மை காயாத நாளில் விழும். பனிமூட்டம் வந்தால் கொஞ்சம் தொந்தரவுதான்" என்று சொல்லி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்.